குடையும் கூரையும்

(செப்டம்பர் 16 உலக ஓசோன் நாள். அன்று மாலை எங்கள் பகுதிப் படிப்பகத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்தபோது பேசியதன் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த வழக்குச் சொற்களைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.)



கவிதை வாசிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஓசோனைப் பற்றிப் பேசு என்றார்கள். நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். கல்லூரியில் படித்தது வேதியியல். பன்னிரண்டு வருஷமா அந்தப் படிப்பு சலான் சரிபார்க்கவும் பணம் எண்ணவும் ஒரு விதத்திலும் உதவலை. இன்னைக்காவது உதவட்டும்னு ஒத்துக்கிட்டேன்.

வரும் வழியில் டீக்கடையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஓசோன்ல ஓட்டை விழுந்துருச்சுல்ல, அதாங்க இப்புடிக் கொளுத்துது." நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாமே கூடச் சொல்லியிருப்போம். அவர் சொன்னதில் இரண்டு தவறு இருக்கிறது. அந்த இரண்டையும் முதலில் சரிசெய்துகொள்வோம். தப்பான கணக்கை வைத்துக்கொண்டு யாரிடமும் நியாயம் கேட்க முடியாது.

முதல் தவறு: ஓசோன் ஓட்டை நம் தலைக்கு மேலே இல்லை. அது தென்துருவத்தில், அண்டார்க்டிக்காவின் மேலே, அவர்களுடைய வசந்த காலத்தில் விழுவது. ஆகஸ்டு, செப்டம்பரில் திறந்து டிசம்பர் வாக்கில் மூடும். இரண்டாவது தவறு: நம்மைக் கொளுத்தும் வெக்கை வேறு, ஓசோன் தடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. பூமி சூடாவதற்குப் பெரிய காரணம் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் மேலே அனுப்பும் கரியமில வாயு. புற ஊதாக் கதிரை உடம்பால் உணர முடியாது. அது கண்ணுக்குத் தெரியாது, தோலில் சுடாது. ஊட்டியில் குளிருகிற நாளிலும் அது இறங்கிக்கொண்டிருக்கும். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் சுமார் பத்து விழுக்காடு கூடும். தேயிலை பறிக்கும் பெண், குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே இந்தக் கதிரை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

சரி, ஓசோன் என்றால் என்ன? நாம் மூச்சு விடும் ஆக்சிஜனில் இரண்டு அணு. ஓசோனில் மூன்று. தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இது பரவிக் கிடக்கிறது. படலம் என்று சொல்கிறோம், ஆனால் பந்தல் துணி போல விரித்த ஒன்று அல்ல. அவ்வளவையும் திரட்டித் தரைக்குக் கொண்டுவந்து தரையின் அழுத்தத்தில் பரப்பினால் மொத்தக் கனம் 3 மில்லிமீட்டர். இரண்டு ஒரு ரூபாய்க் காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம். காசு எண்ணுகிறவன் கணக்கு இது. விஞ்ஞானிகள் இதை 300 டாப்சன் என்பார்கள். டாப்சன் இதை அளக்கக் கருவி செய்த ஆங்கிலேயர். நம் கொடைக்கானல் வானாய்வகத்திலும் அந்தக் கருவியை வைத்துப் பல்லாண்டு அளந்திருக்கிறார்கள்.

புற ஊதாக் கதிரை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். 'சி' மிகக் கொடியது, அதை ஓசோனும் ஆக்சிஜனும் முழுக்கத் தடுத்துவிடும். 'பி'யில் பெரும்பகுதியை ஓசோன் தடுக்கும், கொஞ்சம் கீழே வரும். 'ஏ' பெரும்பாலும் அப்படியே வந்துவிடும். ஆகவே ஓசோன் மெலிந்தால் கூடுவது 'பி'. ஓசோன் ஒரு விழுக்காடு குறைந்தால் தோலைச் சுடும் கதிர் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலாகும்.

இன்னொரு விஷயம். ஓசோன் அதிகம் உண்டாகும் இடம் நம் வெப்ப மண்டலத்து வானம். வெயில் அதிகம், அதனால் விளைச்சலும் அதிகம். ஆனால் மேல்காற்று அதை மெல்ல மெல்லத் துருவங்கள் பக்கம் கொண்டுபோய்விடுகிறது. விளைகிற நம் வானத்தில் மிஞ்சுவது 250 முதல் 280 டாப்சன். வடக்கே ஐரோப்பாவுக்கு மேலே நம்மைவிடக் கனமான படலம். விளைகிற இடத்தில் தங்காதது நெல் மட்டுமில்லை போலிருக்கிறது. அதோடு சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 11ஐத் தொட்டால் 'மிகக் கடுமை' என்று பெயர். தமிழ்நாட்டில் மார்ச் முதல் மே வரை தெளிந்த நாளின் நண்பகல் அதைச் சாதாரணமாகத் தாண்டும். எந்த ஓட்டையும் இல்லாமலே தாண்டும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

இப்போது ஓட்டை விழுந்த கதை.

பழைய குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் ஓடின. கசிந்து ஆட்கள் செத்ததும் உண்டு. அதற்கு மாற்றாக 1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் கூட்டாளிகளும் ஒரு வாயுவைக் கண்டார்கள். எரியாது, நச்சில்லை, எதனோடும் சேராது. 1930இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். கூட்டம் அசந்துபோனது. குளோரோ ஃபுளோரோ கார்பன் என்ற இனத்தைச் சேர்ந்தது அது. சந்தையில் அதற்கு ஃப்ரியான் என்று பெயர். (பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டவரும் இதே மிட்ஜ்லிதான்.) பிறகு குளிர்பதனப் பெட்டி, ஏ.சி., வாசனைத் தெளிப்பான், மெத்தை நுரை என்று எல்லாவற்றிலும் அது புகுந்தது.

எதனோடும் சேராது என்பதுதான் அதன் பெருமை. அதுவே அதன் கேடும் ஆனது. கீழே எதுவும் அதைச் சிதைக்காததால் சில வகைகள் நூறு ஆண்டுகள் வரை காற்றில் நிற்கும். மெல்ல மேலே ஏறும். அங்கே கடுமையான புற ஊதாக் கதிர் அதை உடைக்கும்போது குளோரின் அணு வெளியே வரும். அந்த ஒரு அணு, தான் அழியாமல், ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழித்துவிடக் கூடியது. 1974இல் ஷெர்வுட் ரோலண்டும் மெக்சிகோக்காரரான மரியோ மோலினாவும் இதை எழுதினார்கள். அப்போது மோலினாவுக்கு வயது 31. கம்பெனிகள் நம்ப மறுத்தன. மிகப் பெரிய உற்பத்தியாளரான டூபான்ட், சரியான ஆதாரம் வந்தால் நிறுத்திக்கொள்கிறோம் என்று 1975இல் சொன்னது. நிறுத்துகிறோம் என்று அறிவித்தது 1988இல்.

இடையில் 1985 மே மாதம் ஆதாரம் வந்தது. அண்டார்க்டிக்காவின் ஹாலி விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு நிலையம். 1950களிலிருந்து பழைய டாப்சன் கருவியை வைத்து ஆண்டுதோறும் பொறுமையாக அளந்து வந்தார்கள். அக்டோபர் மாதங்களில் 300 டாப்சன் அளவில் இருந்தது, 1984இல் 200 அளவுக்கு இறங்கியிருந்தது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூவர் அதை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் துணைக்கோளும் அதே வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவ்வளவு குறைந்த எண்கள் வந்தால் சந்தேகத்துக்குரியவை என்று குறித்து ஒதுக்கும்படி அதன் கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இப்படியெல்லாம் இருக்காது என்று முன்முடிவோடு இருக்கிறவனுக்குக் கண் முன்னால் கிடப்பதும் தெரியாது. சேரியைப் பற்றிய அறிக்கைகளை வாசித்த நமக்கு இது புதுசில்லை.

ஏன் தென்துருவத்தில்? அந்த மேல்வானத்தின் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 78 டிகிரிக்கும் கீழே போகிறது. அதில் பனிமேகம் உண்டாகி, அந்த மேகத் துகள்களின் மேல் குளோரின் தயாராகக் காத்திருக்கிறது. வசந்தத்தின் முதல் வெளிச்சம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. 1986இல் அங்கே போன குழுவுக்குத் தலைமை தாங்கிய சூசன் சாலமன் இதை நிறுவினார். 2006 செப்டம்பரில் அந்த ஓட்டை சுமார் 2 கோடியே 70 லட்சம் சதுர கிலோமீட்டர், எட்டு இந்தியா அளவு. அண்டார்க்டிக்காவின் பால்மர் நிலையத்தில் வசந்தத்தில் அளந்த உச்சப் புற ஊதா, வெயிலுக்குப் பேர்போன கலிஃபோர்னியாவின் சான் டியேகோவை மிஞ்சியது. ஓட்டையின் விளிம்பு சில நாட்கள் தென் அமெரிக்காவின் தென்முனை வரை நீளும். சிலி நாட்டின் புன்ட்டா அரேனாஸ் என்ற ஊரில் 1990களில் ஆடுகள் குருடாகின்றன என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. போய்ச் சோதித்தவர்கள் அது கண் தொற்று என்று கண்டார்கள். ஆபத்து உண்மையானது, ஆடுகளின் கதை உண்மையில்லை. நம் பக்கத்து நியாயத்துக்கும் பொய்ச்சாட்சி வேண்டாம், தோழர்களே.

இனி இந்தக் கூட்டத்தின் தலைப்புக்கு வருகிறேன். குடை, கூரை.

1987இல் உலக நாடுகள் பேசிக்கொண்டிருந்தபோது அமெரிக்க உள்துறைச் செயலர் டொனால்டு ஹோடல் ஒரு யோசனை சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. உடன்படிக்கை எதற்கு, மக்கள் தொப்பி போட்டுக்கொள்ளட்டும், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளட்டும், களிம்பு பூசிக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். ஊர் சிரித்தது. தாம் அந்தப் பொருளில் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். யார் சொன்னாரோ, அந்தச் சிந்தனை இருக்கிறதே, அது சாகாதது. கூரையைப் பிரிப்பவன் பிரிக்கட்டும், நனைகிறவன் ஆளுக்கொரு குடை வாங்கிக்கொள்ளட்டும்.

அன்று அந்தச் சிந்தனை தோற்றது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் உடன்படிக்கை கையெழுத்தானது. 2009க்குள் உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. அதன் பலனைப் பார்க்கிறோம். 2023 தொடக்கத்தில் வெளியான ஐ.நா. மதிப்பீட்டின்படி, இதே வழியில் போனால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், வடதுருவத்தில் 2045 வாக்கிலும், தென்துருவத்தில் 2066 வாக்கிலும் ஓசோன் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்குப் போட்டது. 1890 முதல் 2100 வரை பிறந்த, பிறக்கப்போகிற அமெரிக்கர்களில் மட்டும் 44 கோடியே 30 லட்சம் தோல் புற்றுநோய்கள், 23 லட்சம் சாவுகள், 6 கோடியே 30 லட்சம் கண்புரைகள் இந்த உடன்படிக்கையால் தவிர்க்கப்படுகின்றன. களிம்பு விற்று இதைச் சாதித்திருக்க முடியுமா?

யார் செலவில் கூரையைச் சரிசெய்வது என்ற சண்டையும் நடந்தது. அந்த வாயுவில் பெரும்பகுதியை அனுபவித்தவை பணக்கார நாடுகள். நாங்கள் இப்போதுதான் குளிர்பதனப் பெட்டி வாங்கவே தொடங்கியிருக்கிறோம், எங்களையும் ஒரே அளவாக நிறுத்தச் சொன்னால் எப்படி என்று இந்தியாவும் சீனாவும் கேட்டன. 1990 ஜூனில் லண்டனில் முடிவானது: பணக்கார நாடுகள் ஒரு நிதி வைக்க வேண்டும், ஏழை நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் அவகாசம். இந்தியா 1992இல் சேர்ந்தது. ஆஸ்துமா மருந்துக்கான சிறு அளவு நீங்கலாக 2008 ஆகஸ்டில் உற்பத்தியை நிறுத்தியது.

அந்த வாதத்தைக் கவனியுங்கள். காலங்காலமாக அனுபவித்தவன் கூடுதலாகச் சுமக்க வேண்டும். பின்னால் நிறுத்தப்பட்டவனுக்குத் தனி அவகாசம், தனி நிதி. அது சலுகை இல்லை, நியாயம். லண்டனில் இதைச் சொல்லி வென்று வந்தது இந்தியா. ஏழு வாரம் கூட ஆகவில்லை, ஆகஸ்டு 7 அன்று மண்டல் அறிவிப்பு வந்தது. அதே நியாயத்தை உள்ளூரில் கேட்டபோது தெருவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இதை இத்தோடு விடுகிறேன், தலைப்பு வேறு.

உடம்புக்கு வருவோம்.

புற ஊதா 'பி' தோல் அணுக்களில் நுழைந்து, மரபுச் செய்தி எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டவைத்துவிடுகிறது. உடம்பு அதை வெட்டித் திருத்துகிறது. தினமும் திருத்துகிறது. எப்போதாவது திருத்தாமல் விட்டது சேர்ந்து சேர்ந்து புற்றாகலாம். வெள்ளைத் தோலர்களை இது அதிகம் தாக்குகிறது. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவதொரு தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது.

நம்மைக் காப்பது கறுப்பு. தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி, அணுவின் கருவுக்கு மேல் குடை போலக் கவிந்து கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. புற ஊதா மிகுந்த நிலங்களில் மனிதத் தோல் கறுத்ததும், குறைந்த நிலங்களில் வெளுத்ததும் இந்தக் கதிரோடு பொருந்தி வருவதை நினா ஜாப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000இல் எடுத்துக்காட்டினார்கள். கறுப்பு என்பது சூரியனோடு வாழ மனித உடம்பு பல்லாயிரம் ஆண்டாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதைக் குறையென்று சொல்லி 1975 முதல் ஒரு களிம்பு விற்றார்கள். 2020இல் களிம்பின் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது.

ஆனால் கறுப்பு எல்லாவற்றையும் காக்கும் என்று இருந்துவிடாதீர்கள். பாப் மார்லி 36 வயதில் செத்தது தோல் புற்றுநோயில். கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கியது. அந்த வகை சூரியனால் வருவதில்லை. உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும், கறுப்பர்களுக்கும் வரும். ஆறாத புண், பரவுகிற கறுப்புக் கறை இருந்தால் காட்டிவிடுங்கள். பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி பேசுகிறோமே, அவர்களுக்கு இந்த வெயில் நிஜமான எதிரி. வெயிலே கூடாது என்றும் சொல்லவில்லை. வைட்டமின் டி உண்டாவது இதே 'பி' கதிரால்தான். நாள் முழுக்கக் கட்டடத்துக்குள் அடைந்து கிடக்கிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

தோலுக்குக் கறுப்பு உண்டு. கண்ணுக்கு?

கண்ணின் லென்ஸ் கண்ணாடி போலத் தெளிந்த புரதம். அதில் ரத்த ஓட்டம் இல்லை. நடுவில் இருக்கும் புரதம் நாம் பிறக்கும் முன் உண்டானது, சாகும்வரை புதுப்பிக்கப்படுவதில்லை. முட்டையின் தெளிந்த கரு சூட்டில் வெளுப்பதைப் போல அந்தப் புரதம் காலத்தில் திரண்டு மங்குகிறது. அதுதான் புரை. வயது, சர்க்கரை, புகையிலை, அடுப்புப் புகை, சத்துக்குறைவு எல்லாம் காரணம். புற ஊதாவும் ஒரு காரணம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் மீனும் நண்டும் பிடிக்கும் 838 பேரை ஹியூ டெய்லர் குழு ஆராய்ந்து 1988இல் வெளியிட்டது. ஆயுளில் பட்ட 'பி' கதிர் இரட்டிப்பானால் லென்ஸின் வெளிப்பகுதியில் விழும் புரையின் வாய்ப்பு 1.6 மடங்கானது. அதற்கு முன்பே 1981இல், ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடம் ஊர் ஊராகப் போய்க் கண் பார்த்த ஃபிரெட் ஹாலோஸ், புற ஊதா மிகுந்த பகுதிகளில் அவர்களிடம் புரையும் மிகுந்திருப்பதை எழுதினார். இரண்டிலும் ஆராயப்பட்டவர்கள் வெளியில் வாழ்ந்தவர்கள், வெளியில் உழைத்தவர்கள். கருவிழி மேல் சதை வளர்கிறதே, அதிலும் வெயிலுக்குப் பங்குண்டு. கண்ணாடி மாட்டாமல் வெல்டிங் அடிக்கும் தம்பிக்கு ராத்திரி மணல் கொட்டின மாதிரி கண் உறுத்துமே, அதுவும் இந்தக் கதிர் செய்வதுதான்.

இந்தியாவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் பார்வையின்மையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, சிகிச்சை பெறாத புரையால் வந்தது என்று 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. எனக்கு அது வெறும் எண் இல்லை. முதியோர் பணம் வாங்க வருகிற ஆயாக்களை என் கவுண்டரில் பார்க்கிறேன். "தம்பி, எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுய்யா" என்று புத்தகத்தை நீட்டும்போது கண்ணுக்குள் பால் திட்டு தெரியும். ரேகை வைக்க இடம் தெரியாமல் விரல் தடவும்.

என் அம்மா வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் வாரியவள். உப்பு இல்லாத காலத்தில் நடவும் களையும். உப்பளத்தில் வெயில் மேலேயிருந்தும் விழும், வெள்ளையாகக் கிடக்கும் உப்பிலிருந்து கீழேயிருந்தும் அடிக்கும். நடுவயலில் குனிந்து நிற்கிறவளுக்கு முதுகில். "கண்ணு கூசுதுடா"ன்னு வந்து ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுப்பாள். ஐம்பது தாண்டியதும் இரண்டு கண்ணிலும் புரை. அவளுக்கு வந்ததில் வெயிலின் பங்கு எவ்வளவு, புகையின் பங்கு எவ்வளவு, பட்டினியின் பங்கு எவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே வாழ்க்கையிலிருந்து வந்தவை. இலவச முகாமில் அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்னைக்கு என்னை உத்துப் பாத்துட்டுச் சொன்னா: "ஏண்டா, நீ இவ்வளவு கறுப்பாடா?" எத்தனை வருஷமா மங்கலாப் பாத்துக்கிட்டிருந்திருக்கா!

களத்துமேட்டில் அவளுக்கு நிழல் எங்கே இருந்தது? இதைக் கேட்டால் கதை வானத்தை விட்டுத் தரைக்கு வந்துவிடும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் தம் நூலில் இதைப் பதிந்திருக்கிறார். ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. இன்னும் உண்டு. அரை நூற்றாண்டு கழித்து 1981இல் ஆஸ்திரேலியாவில் மக்களைத் தோல் புற்றுநோயிலிருந்து காக்க ஒரு பெரிய பரப்புரை நடந்தது. என்ன சொன்னது? சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாட்டில் மக்களிடம் எதையெல்லாம் போட்டுக்கொள்ளச் சொன்னார்களோ, அதையெல்லாம் ஒரு சாதி இன்னொரு சாதியிடமிருந்து பட்டியல் போட்டுப் பறித்திருக்கிறது. அவர்களுக்குப் புற ஊதா தெரியாது. நிழல் என்பது அந்தஸ்து என்று தெரியும். என் அப்பாயி சொல்வாள், தலையில் கட்டின துண்டு ஐயாவைக் கண்டதும் அவிழ்ந்து கக்கத்துக்குப் போகும் என்று. மண்டை காயுமே என்றால், "காய்ஞ்சா காயட்டும், தோலு மிஞ்சணுமே" என்பாள்.

அதனால்தான் தோழர்களே, யாராவது "வெயிலில் ஜாக்கிரதையா இருங்க" என்று தனி ஆளுக்குப் புத்தி சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. பதினோரு மணிக்கு நிழலில் ஒதுங்குவது என் அம்மா கையில் இருந்ததா?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2023இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. 2019இல் உலகில் 160 கோடிப் பேர் வேலையின்போது சூரியப் புற ஊதாவுக்கு ஆளானார்கள். மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயால் செத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர், கிட்டத்தட்ட 19,000 பேர், வெயிலில் வேலை செய்ததால் செத்தவர்கள். இதில் கண்ணின் கணக்கு இல்லை.

வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஓட்டையின் விளிம்பில் இருக்கும் சிலி நாடு 2006இல் ஓசோன் சட்டம் ஒன்று போட்டது. 20,096 என்ற எண்ணுள்ள சட்டம். அன்றாடப் புற ஊதா அளவை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: புற ஊதாவுக்கு ஆளாகும் தொழிலாளியைக் காக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. இதுதான் கூரை. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் வேலையிடத்தில் குழந்தைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழல் வேண்டும் என்று எழுதியது. நான் போய்ப் பார்த்த ஏரிக்கரைகளில் அந்த நிழல் ஒரு வேப்பமரம். அதைச் சட்டத்துக்கு முன்னாடியே யாரோ வச்சுட்டுப் போயிருந்தாங்க.

ஆக, நாம் என்ன செய்யலாம்? படிக்கிற தம்பி தங்கைகளுக்கு முதலில். வானிலை அறிக்கையில் வெப்ப அளவு வருகிறது. புற ஊதா அளவும் தமிழில் தினமும் வர வேண்டும் என்று கேளுங்கள். அதுவரைக்கும் ஒரு எளிய கணக்கு: தரையில் விழும் உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது. ஒரு நாளின் புற ஊதாவில் பாதிக்கு மேல் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் இறங்கிவிடுகிறது. மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. நாலு விரல் அகல விளிம்புள்ள தொப்பி கண்ணைப் பெரிதும் காக்கும். பிளாட்பாரத்தில் விற்கும் கறுப்புக் கண்ணாடியை நம்பாதீர்கள். கறுப்பாக இருப்பதால் மட்டும் அது கதிரைத் தடுக்காது, இருட்டில் கண்மணி விரிந்து இன்னும் அதிகம் உள்ளே போகும். புற ஊதா தடுக்கும் கண்ணாடி வெள்ளையாக இருந்தாலும் போதும்.

சங்கத்தில் இருக்கும் தோழர்களுக்கு. உப்பளம், வயல், சாலை, கட்டடம், தூய்மைப் பணி, இவற்றின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்து நிழலை எழுதுங்கள். நடுப்பகல் ஓய்வு, கூலி பிடிக்காத ஓய்வு. தொப்பியும் கண்ணாடியும் வேலை கொடுப்பவன் செலவில். ஆண்டுக்கு ஒருமுறை வேலையிடத்திலேயே கண் சோதனை. கண்புரையை வெயிலில் உழைப்பவர்களின் தொழில் நோயாகப் பார்க்கச் சொல்லி வாதம். வாதத்துக்கு வேண்டிய எண்களில் சிலவற்றை இன்றைக்குச் சொல்லிவிட்டேன். மிச்சத்தை நம் ஊர்களில் போய் நாம்தான் எண்ண வேண்டும். ஹாலி விரிகுடாவில் முப்பது வருஷம் எண்ணினார்கள். நம்மால் ஒரு வருஷம் ஒரு உப்பளத்தில் எத்தனை கண் மங்குகிறது என்று எண்ண முடியாதா?

டீக்கடைக்காரருக்குத் திரும்பிப் போகும்போது பதில் சொல்ல வேண்டும். ஓட்டை இங்கே இல்லைங்க, அதை உலகமே சேர்ந்து அடைச்சுக்கிட்டிருக்கு. இங்கே நம்ம தலைக்கு மேலே இல்லாமப் போனது வேற ஒரு கூரை. அதை யார் பிரிச்சாங்கன்னு எழுதியே வச்சிருக்கு, தேதியோட.

இரண்டு காசு கனத்துக்கு இருக்கிற வாயுவைக் காப்பாற்ற உலகின் எல்லா நாடும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டது. ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகைக்கு ஒரு முதலாளியிடம் கையெழுத்து வாங்க நம்மால் முடியும். வாங்குவோம்.

ஜெய்பீம்.